வட சென்னையின் சோப்பு ஆயில்: உவர்மண் முதல் கிளிசரின் வரை

சோப்பு ஆயில் என்பது பாத்திரம், துணி, தரை, வாகனம் ஆகியவற்றைக் கழுவப் பயன்படும் திரவச் சலவைப்பொருளுக்குத் தமிழ்நாட்டு மக்கள் வழங்கும் பெயர். பெயரில் சோப்பும் ஆயிலும் இருந்தாலும், இப்பெயரில் தெருக்களில் விற்கப்படும் திரவங்களில் பெரும்பாலானவை எண்ணெயிலிருந்து காய்ச்சிய சோப்பு அல்ல. அவை பெட்ரோலியத்திலிருந்து பெறப்படும் டிடர்ஜென்ட் கரைசல்கள். கையை உலர்த்தாமல் இருப்பதற்காக அவற்றில் சிறிதளவு கிளிசரின் தனியே வாங்கிச் சேர்க்கப்படுவதுண்டு. எண்ணெயைக் காய்ச்சிச் சோப்பு செய்யும்போது கிளிசரின் தானாகவே உண்டாகிறது. அப்படித் தானாகக் கிடைத்த பொருள் தனியே விலைகொடுத்து வாங்கவேண்டிய பொருளாக மாறியது எப்படி என்பதே திரவச் சோப்பின் வரலாற்றில் முக்கியமான கேள்வி.

இராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி, எண்ணூர் ஆகிய பகுதிகளைக் கொண்ட வட சென்னையில் இந்த மாற்றத்தின் பல கட்டங்களையும் காணலாம். துணி வெளுப்போரின் குடியிருப்பு, உப்பளங்கள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, டிடர்ஜென்ட் மூலப்பொருள் ஆலை, வீட்டிலேயே சோப்பு ஆயில் கலக்கும் மகளிர் குழுக்கள் ஆகிய அனைத்தும் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அமைந்த நிலப்பகுதி இது.

பெயர்கள்

தமிழில் சோப்புக்கு வழங்கிய பழைய பெயர் சவர்க்காரம். இலங்கைத் தமிழில் இச்சொல் இன்றும் அன்றாட வழக்கில் உள்ளது. தமிழ்நாட்டில் சவுக்காரம் என்ற வடிவத்தை முதியோர் பேச்சில் கேட்கலாம். சவர் என்பது உவர்ப்பையும், காரம் என்பது அழுக்கையும் கொழுப்பையும் கரைக்கும் வேதிப்பொருளையும் குறிக்கும். அதாவது இச்சொல் எண்ணெயைச் சுட்டவில்லை, உவர்ப்பான காரத்தையே சுட்டுகிறது. சோப்பு வருவதற்கு முன்பு இங்கே துணியை வெளுத்தது காரமே என்பதற்கு இப்பெயர் ஒரு சான்று. சென்னையின் சவுகார்பேட்டைக்கும் சவுக்காரத்துக்கும் தொடர்பில்லை. அங்குள்ள சவுகார் என்பது வணிகரைக் குறிக்கும் வடநாட்டுச் சொல்.

சோப்புக்கு முந்தைய சலவை

கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் கால் பதித்ததற்கு முதன்மையான காரணம் துணி வணிகம். தறியிலிருந்து வரும் துணி பழுப்பு நிறமாகவும் கஞ்சி ஏறியதாகவும் இருக்கும். கப்பலில் ஏற்றுவதற்கு முன் அதை வெளுக்கவேண்டும். இதற்காகக் கோட்டைக்கு வடக்கே குடியமர்ந்த சலவைத் தொழிலாளர்களின் பெயரால் வண்ணாரப்பேட்டை உருவானது. அதற்கும் வடக்கே திருவொற்றியூரில் உள்ள காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட்டின் பெயரால் நெசவாளர்களுக்காக அமைக்கப்பட்ட குடியிருப்பு. காலெட் பேட்டை என்பதே மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று.

துணி வெளுப்பதற்கு நல்ல நீர் வேண்டும். அக்காலத்தில் கோட்டைக்கு வடக்கே இருந்த நிலத்தடி நீர் நன்னீராக இருந்தது. 1772-இல் கோட்டையின் குடிநீருக்காகத் தோண்டப்பட்ட கிணறுகளின் நினைவாகவே ஏழுகிணறு என்ற பகுதிப் பெயர் நிலைத்திருக்கிறது.

தமிழகச் சலவைத் தொழிலாளர்கள் கையாண்ட முறை வெள்ளாவி எனப்பட்டது. சோடியம் கார்பனேட் மிகுந்த உவர்மண்ணை நீரில் கரைத்துத் தெளியவைத்து, அந்தக் கார நீரில் துணியை ஊறவைப்பர். பின் அடுப்பின்மேல் நீர் கொதிக்கும் பானைக்கு மேலே துணிகளை அடுக்கி, இரவு முழுவதும் ஆவியில் வேகவைப்பர். மறுநாள் கல்லில் அடித்து அலசி வெயிலில் உலர்த்துவர். துணியில் படிந்த எண்ணெய்ப்பசையின் ஒரு பகுதியை ஆவியும் காரமும் சேர்ந்து சோப்பாக மாற்றிவிடும். அதாவது சோப்பு தனியே தயாரிக்கப்படாமல் துணியின் மேலேயே உருவாகி அழுக்கோடு அலசிச் செல்லும்.

உடலுக்கும் தலைக்கும் காரம் பயன்படுத்தப்படவில்லை. சீயக்காய், அரப்பு, பூந்திக்காய், பயற்றமாவு ஆகியவையே அப்பணியைச் செய்தன. சீயக்காயிலும் பூந்திக்காயிலும் உள்ள சப்போனின் என்னும் பொருள் நீரில் நுரைத்து எண்ணெய்ப்பசையை நீக்கும். பூந்திக்காயை ஊறவைத்துப் பிழிந்த நீரை இப்பகுதியின் பழைய திரவச் சோப்பு எனலாம். பட்டையும் நகைகளையும் கழுவ அது இன்றும் பயன்படுகிறது.

சோப்பிலிருந்து கிளிசரின் பிரிந்த வரலாறு

எண்ணெயும் கொழுப்பும் வேதியியல் நோக்கில் ஒரே அமைப்புக் கொண்டவை. மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் ஒரு கிளிசரின் மூலக்கூறோடு பிணைந்திருக்கும். காரம் இந்தப் பிணைப்பை அறுக்கிறது. கொழுப்பு அமிலங்கள் காரத்தோடு சேர்ந்து சோப்பாகின்றன, கிளிசரின் விடுபடுகிறது. சோடியம் ஹைட்ராக்சைடு என்னும் காஸ்டிக் சோடாவைப் பயன்படுத்தினால் கட்டிச் சோப்பு கிடைக்கும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காஸ்டிக் பொட்டாஷைப் பயன்படுத்தினால் நீரில் எளிதில் கரையும் மென்சோப்பு கிடைக்கும். அதை நீர்க்கவைத்தால் திரவச் சோப்பு.

ஒரு கிலோ தேங்காயெண்ணெய் முழுவதும் சோப்பானால் அதிலிருந்து ஏறக்குறைய 130 முதல் 140 கிராம் கிளிசரின் விடுபடும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் போன்றவற்றில் இது கிலோவுக்குச் சுமார் 100 கிராம். வீட்டில் சிறிய அளவில் காய்ச்சும் சோப்பில் இந்தக் கிளிசரின் முழுவதும் உள்ளேயே தங்கிவிடும்.

ஸ்வீடன் வேதியியலாளர் கார்ல் வில்லெம் ஷீலே 1779-இல் ஆலிவ் எண்ணெயை ஈய ஆக்சைடோடு சூடாக்கியபோது இனிப்பான ஒரு திரவம் பிரிவதைக் கண்டார். பின்னர் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரேல், இனிப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு அதற்குக் கிளிசரின் எனப் பெயரிட்டார். தொடக்கத்தில் சோப்பு ஆலைகளுக்கு அது கழிவாகவே இருந்தது. கொதிக்கும் சோப்பில் உப்பைக் கொட்டினால் சோப்பு திரண்டு மேலே மிதக்கும், உப்பு நீரும் கிளிசரினும் அடியில் தங்கும். அந்த அடிநீரை வடித்து வெளியே விடுவதே பழைய ஆலைகளின் வழக்கம்.

இந்நிலையை மாற்றியது வெடிமருந்து. 1847-இல் இத்தாலிய வேதியியலாளர் அஸ்கானியோ சொப்ரேரோ கிளிசரினிலிருந்து நைட்ரோகிளிசரினை உருவாக்கினார். 1867-இல் ஆல்ஃபிரட் நோபல் அதைக் கொண்டு டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் அடிநீரிலிருந்து கிளிசரினை மீட்டு விற்பது சோப்பு ஆலைகளுக்கு இலாபம் தரும் துணைத்தொழிலாயிற்று. தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு தொடர்பு உண்டு. நீலகிரி அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலை, நைட்ரோகிளிசரினும் நைட்ரோ செல்லுலோசும் கலந்த புகையற்ற வெடிமருந்தைத் தயாரித்தது. முதல் உலகப்போரின்போது கிளிசரின் போர்த்தளவாடங்களுக்கான முதன்மை மூலப்பொருள்களில் ஒன்றாகக் கருதப்பட்டது. குளியலறைப் பொருளின் உள்ளிருந்த மென்மைப்பொருள் பீரங்கிக்குப் போயிற்று. பின்னர் மருந்து, முகப்பூச்சு, உணவு ஆகிய துறைகளும் கிளிசரினை வாங்கத் தொடங்கின. ஆலைச் சோப்பில் அது பெரும்பாலும் நீக்கப்பட்டதாகவே நிலைத்துவிட்டது.

திரவச் சோப்பும் இக்காலத்தில்தான் வணிகப்பொருளாயிற்று. அமெரிக்காவின் வில்லியம் ஷெப்பர்ட் 1865-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் அழுத்தினால் சோப்பு வரும் குப்பிகள் வீடுகளில் பரவியது 1980-களுக்குப் பிறகே.

சென்னை மாகாணத்தில் சோப்புத் தொழில்

பிரிட்டனின் லீவர் சகோதரர்களின் சன்லைட் சோப்பு 1888-இல் கல்கத்தா துறைமுகத்துக்கு வந்திறங்கியது. சுதேசி இயக்கத்தின் தாக்கத்தால் உள்நாட்டுச் சோப்புத் தயாரிப்பில் ஆர்வம் பெருகியது. சென்னை மாகாணத்தில் இதற்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் மீன்வளத் துறையை உருவாக்கிய ஃபிரடெரிக் நிக்கல்சன். மலபார் கரையில் மிகுதியாகக் கிடைத்த மத்தி மீன் எண்ணெயிலிருந்து சோப்பு செய்யும் சோதனைகள் தானூரில் நடத்தப்பட்டன. அம்முயற்சியின் தொடர்ச்சியாக 1914-இல் கோழிக்கோட்டில் அரசின் கேரள சோப்பு நிலையம் உருவானது. அண்டை மைசூர் சமஸ்தானம் 1916-இல் பெங்களூரில் அரசுச் சோப்புத் தொழிற்சாலையைத் தொடங்கியது. கொச்சியில் டாடா எண்ணெய் ஆலை நிறுவனம் 1917-இல் உருவாகித் தேங்காயெண்ணெய், சோப்பு ஆகியவற்றில் இறங்கியது. அந்நிறுவனத்தின் 501 சலவைச் சோப்பும் ஹமாம் குளியல் சோப்பும் தமிழக வீடுகளில் பல தலைமுறைகளுக்குப் பழகிய பெயர்கள். 1993-இல் அது இந்துஸ்தான் லீவருடன் இணைந்தது.

இவை அனைத்தும் தேங்காயும் மீனும் சந்தனமும் கிடைத்த மேற்குப் பகுதிகளில் அமைந்தவை. சென்னை நகரம் நீண்டகாலம் சோப்பை விற்றுப் பயன்படுத்திய நகரமாகவே இருந்தது. விடுதலைக்குப் பின் கதர் கிராமத் தொழில் அமைப்புகள் வேம்பு, இலுப்பை, புங்கம் போன்ற சமையலுக்கு உதவாத எண்ணெய்களிலிருந்து சோப்பு செய்வதைச் சிறுதொழிலாக ஊக்குவித்தன.

வீட்டில் தொடங்கிய சோப்பு பெருந்தொழிலாக வளர்ந்ததற்குச் சென்னையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தென்னக ரயில்வேயில் மருத்துவராகப் பணியாற்றிய வி. பி. சித்தன், தொழிலாளர்களிடையே கண்ட தோல் நோய்களுக்காக மூலிகைகள் சேர்த்த சோப்பை வீட்டில் தயாரித்துக் கொடுத்தார். 1969-இல் அது மெடிமிக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. கையால் செய்யும் முறையே அதன் அடையாளமாக நீடித்தது.

உப்பு நீரும் கடின நீரும்

சோப்பின் பெரிய பலவீனம் கடின நீர். நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்திருந்தால் அவை சோப்போடு சேர்ந்து கரையாத வெண்படிவாகிவிடும். நுரை எழாது, சோப்பு வீணாகும், துணியில் சாம்பல் நிறப் படிவு தங்கும்.

வட சென்னை கடலையும் உவர் நிலத்தையும் ஒட்டியது. எண்ணூரையும் அத்திப்பட்டையும் ஒட்டிய உப்பளங்கள் நெடுங்காலம் நகரத்துக்கு உப்பளித்தன. 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே கொக்ரேன் கால்வாய் வெட்டப்பட்டது. பிற்காலத்தில் பக்கிங்காம் கால்வாயின் பகுதியான அதன் வழியாக உப்பும் விறகும் நகரத்துக்குப் படகில் வந்தன. சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிய சால்ட் கோட்டர்ஸ் என்ற ரயில்வே சரக்கு முனையத்தின் பெயரில் உப்புக் கிடங்குகளின் நினைவு இன்றும் இருக்கிறது.

1960-களில் மீஞ்சூர்ப் பகுதியிலிருந்து பெருமளவில் நிலத்தடி நீர் எடுக்கப்பட்டு நகருக்கும் தொழிற்சாலைகளுக்கும் அனுப்பப்பட்டது. நன்னீர் குறைந்த இடத்தைக் கடல்நீர் நிரப்பியது. கடற்கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்நோக்கி உவர்நீர் ஏறியதை நிலத்தடி நீர் ஆய்வுகள் பதிவு செய்தன. நல்ல நீரை நம்பிச் சலவைத் தொழில் வளர்ந்த நகரின் வடக்கே கிணற்று நீர் சோப்புக்கு ஒத்துவராத நீராக மாறிக்கொண்டிருந்த அதே காலத்தில், கடின நீரிலும் நுரைக்கும் புதிய பொருள் ஒன்று இந்தியச் சந்தைக்கு வந்துகொண்டிருந்தது.

மணலியும் டிடர்ஜென்ட்டும்

டிடர்ஜென்ட் இரண்டு உலகப்போர்களுக்கு இடையே மேலைநாடுகளில் வளர்ந்தது. சமையலுக்கான எண்ணெய் பற்றாக்குறையாக இருந்தபோது அதற்கு மாற்று தேவைப்பட்டது. முதலில் பரவிய கிளைச்சங்கிலி வகை டிடர்ஜென்ட் ஆற்று நீரில் எளிதில் சிதையாமல் நுரையாகத் தேங்கியதால், 1960-களில் மேலைநாடுகள் நேர்ச்சங்கிலி வகைக்கு மாறின. அதன் மூலப்பொருள் நேர்ச்சங்கிலி ஆல்கைல் பென்சீன். தொழில்வட்டாரத்தில் எல்.ஏ.பி. எனப்படுவது இதுவே.

மணலியில் 1965-இல் உருவான சென்னை எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனத்தின் ஆலை 1969-இல் இயங்கத் தொடங்கியது. இன்றைய சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் அதுவே. அதைச் சுற்றி உரம், வேதிப்பொருள் ஆலைகள் எழுந்தன. 1984-இல் ஸ்பிக் நிறுவனமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் இணைந்து தமிழ்நாடு பெட்ரோப்ராடக்ட்ஸ் நிறுவனத்தை மணலியில் உருவாக்கின. மண்ணெண்ணெயிலிருந்து நேர்ச்சங்கிலிப் பாரஃபினைப் பிரித்து, அதைப் பென்சீனோடு இணைத்து எல்.ஏ.பி. தயாரிப்பது அதன் முதன்மைத் தொழில். அதே நிறுவனத்தின் மற்றொரு பிரிவு உப்பு நீரில் மின்சாரம் செலுத்திக் காஸ்டிக் சோடாவையும் குளோரினையும் தயாரிக்கிறது. சலவைத் திரவத்துக்கு வேண்டிய இரண்டு அடிப்படைப் பொருள்களும் இவ்வாறு மணலியிலேயே உற்பத்தியாயின.

எல்.ஏ.பி.யைக் கந்தக அமில வகைகளோடு வினைபுரியச் செய்தால் கெட்டியான, பழுப்பு நிறத் திரவம் ஒன்று கிடைக்கும். கடைகளில் ஆசிட் சிலரி எனப்படுவது இதுதான். இதைக் காஸ்டிக் சோடாவோ சலவைச் சோடாவோ கொண்டு நடுநிலையாக்கினால் டிடர்ஜென்ட் ஆகிறது. இந்த எளிமையே சிறுதொழில்களைப் பெருகச் செய்தது. 1969-இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் வீட்டில் கலந்து மிதிவண்டியில் விற்ற நிர்மா சலவைத்தூள் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டிலும் எண்ணற்ற சிறு அலகுகள் தூளாகவும் கட்டியாகவும் திரவமாகவும் டிடர்ஜென்ட் தயாரிக்கத் தொடங்கின.

இந்த வினையில் எண்ணெய் இல்லை, ஆகவே கிளிசரினும் உண்டாவதில்லை. ஆலைச் சோப்பில் கிளிசரின் உண்டாகிப் பிரித்தெடுக்கப்பட்டது. டிடர்ஜென்ட்டில் அது பிறக்கவே இல்லை. கையின் எண்ணெய்ப்பசையை டிடர்ஜென்ட் வலுவாக நீக்குவதால் தோல் உலர்கிறது. அதை ஈடுசெய்யக் கிளிசரின் வெளியிலிருந்து சேர்க்கப்படுகிறது.

வீட்டில் தயாரிக்கும் இரண்டு வழிகள்

சென்னையில் வீட்டளவில் இன்று இரண்டு முறைகள் உள்ளன. பரவலானது டிடர்ஜென்ட் முறை. பூங்கா நகர், சவுகார்பேட்டைப் பகுதிகளின் மொத்த விற்பனைக் கடைகளில் ஆசிட் சிலரி, எஸ்.எல்.இ.எஸ். என்ற வெண்பசை, காஸ்டிக் சோடா, நிறம், நறுமணம், கிளிசரின் ஆகியவை கிடைக்கும். சிலரியை நீரில் கரைத்து, காரக் கரைசலைச் சிறிது சிறிதாக ஊற்றி, பி.எச். தாள் கொண்டு நடுநிலை எட்டியதைப் பார்ப்பர். பின் வெண்பசையையும் சமையல் உப்பையும் சேர்ப்பர். உப்பு ஓரளவு வரை திரவத்தைக் கெட்டியாக்கும். அளவு மீறினால் மீண்டும் நீர்த்துவிடும். திரவம் கெட்டியாக இருப்பது அதில் சலவைப்பொருள் மிகுதியாக உள்ளதற்குச் சான்றாகாது.

இரண்டாவது, எண்ணெயைக் காய்ச்சும் உண்மையான சோப்பு முறை. அண்மைக்காலத்தில் இயற்கைப் பொருள்களில் ஆர்வம் கொண்டோரிடையே இது பரவியுள்ளது. ஒரு கிலோ தேங்காயெண்ணெயைச் சோப்பாக்கச் சுமார் 257 கிராம் தூய காஸ்டிக் பொட்டாஷ் வேண்டும். கடையில் கிடைப்பது 90 விழுக்காடு தூய்மை உடையதானால் சுமார் 285 கிராம் தேவைப்படும். ஒவ்வோர் எண்ணெய்க்கும் இந்த அளவு மாறும். காரத்தைக் கரைக்கும் நீரில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கிளிசரின் சேர்த்தால் எண்ணெயும் காரமும் விரைவில் கலக்கும். பல மணி நேரம் கிளறவேண்டிய கலவை குறைந்த நேரத்தில் பசையாகிவிடும். இங்கே கிளிசரின் வினையை எளிதாக்கும் கரைப்பானாகவும், பின்னர் தோலுக்கு ஈரம் காக்கும் பொருளாகவும் இருவகையில் உதவுகிறது.

கிடைத்த பசையை நீர்க்கவைப்பதே இம்முறையின் நுட்பமான படி. காரத்தின் எடையைப் போல் மூன்று மடங்கு நீரும் கிளிசரினும் கொண்டு செய்த பசையில், அதன் எடைக்குச் சமமான சூடான நீரைச் சேர்த்தால் திரவத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு சோப்பு இருக்கும். இரு மடங்கு நீர் சேர்த்தால் அது ஆறில் ஒரு பங்காகும். நீரை ஒரேயடியாகக் கொட்டாமல், பகுதி பகுதியாகச் சேர்த்து மூடி ஒரு நாள் வைத்தால் கட்டிகள் தாமே கரையும். குறைவான நீர் சேர்த்தால் மேலே தோல்போல் படலம் கட்டும். மிகுதியாகச் சேர்த்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. தேங்காயெண்ணெய்ச் சோப்பு இயல்பாகவே தண்ணீர்போல ஓடும். அதைக் கெட்டியாக்க டிடர்ஜென்ட்டில் செய்வதுபோல் உப்பைக் கொட்டினால், ஆலையில் நடப்பதுபோலவே சோப்பு திரண்டு பிரியக்கூடும்.

நீரின் தன்மை இங்கேயும் முதன்மையானது. உவர்ப்பேறிய ஆழ்குழாய் நீரில் நீர்க்கவைத்தால் திரவம் கலங்கி வெண்படிவு தங்கும். மழைநீர், காய்ச்சி வடித்த நீர் அல்லது எதிர் சவ்வூடு பரவல் முறையில் சுத்திகரித்த நீரே ஏற்றது. பி.எச். அளவைக் குறைக்க எலுமிச்சைச் சாற்றைச் சேர்ப்பதும் தவறு. உண்மையான சோப்பின் பி.எச். 9 முதல் 10 வரை இருக்கும். அமிலம் சேர்ந்தால் அது உடைந்து கொழுப்பு அமிலமாகப் பிரிந்துவிடும்.

மகளிர் குழுக்களும் தொற்றுக்காலமும்

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-இல் தொடங்கப்பட்டது. சுய உதவிக் குழுக்கள் மாநிலமெங்கும் பரவிய பின், பினாயில், சோப்பு ஆயில், சலவைத்தூள் தயாரிப்பு ஆகியவை அவற்றின் வழக்கமான பயிற்சிகளாயின. முதலீடு குறைவு, இயந்திரம் தேவையில்லை, ஒரு வாளியும் மரத்துடுப்பும் போதும் என்பது இதற்குக் காரணம். துறைமுகக் கூலி, மீன்பிடிப்பு, ஒப்பந்தத் தொழில் என வருமானம் ஏறி இறங்கும் வட சென்னைக் குடும்பங்களில் இத்தகைய வீட்டுத்தொழில் நிலையான துணை வருவாயாக அமையக்கூடியது.

2020-இல் கொரோனா பரவியபோது கைகழுவும் திரவத்தின் தேவை திடீரெனப் பெருகியது. அவ்வாண்டு கோடையில் சென்னை மாநகராட்சியின் மண்டலங்களில் தொற்று மிகுந்த இடமாக இராயபுரம் பல வாரங்கள் இருந்தது. சிறிய வீடுகளும் பொதுக்குழாய்களும் நிறைந்த தெருக்களில் சோப்பும் தண்ணீரும் உயிர்காக்கும் பொருள்களாயின. மாநிலத்தின் பல மாவட்டங்களில் சுய உதவிக் குழுக்கள் முகக்கவசத்தோடு கைகழுவும் திரவத்தையும் கிருமிநாசினியையும் தயாரித்தன. உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கைக் கிருமிநாசினிச் செய்முறையில் 1.45 விழுக்காடு கிளிசரின் இடம்பெற்றிருந்தது. சாராயம் தோலை உலர்த்தாமல் காப்பதே அதன் பணி.

தரமும் பாதுகாப்பும்

காஸ்டிக் சோடா, காஸ்டிக் பொட்டாஷ், ஆசிட் சிலரி ஆகிய மூன்றும் தோலையும் கண்ணையும் அரிப்பவை. காரத்தைத்தான் நீரில் சிறிது சிறிதாகப் போடவேண்டும், காரத்தின்மேல் நீரை ஊற்றக்கூடாது. அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்துவிடும். குடிநீர், குளிர்பானக் குப்பிகளில் இத்திரவங்களை நிரப்பி விற்பது குழந்தைகளுக்கு ஆபத்தானது.

கிளிசரினிலும் தரவேறுபாடு உண்டு. தொழிற்சாலைத் தரக் கிளிசரினில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் கலந்திருக்கக்கூடும். இரண்டும் தோற்றத்தில் ஒத்த, நிறமற்ற, இனிப்பான திரவங்கள். 1986-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் இத்தகைய கலப்படக் கிளிசரின் மருந்தாகக் கொடுக்கப்பட்டதால் 14 நோயாளிகள் இறந்தனர். நீதிபதி லென்டின் ஆணையம் அதை விசாரித்தது. ஆகவே கைகழுவும் திரவத்துக்கும் இந்திய மருந்தியல் தரம் குறித்த கிளிசரினையே வாங்குவது பாதுகாப்பானது. குறைந்த அளவு கிளிசரின் திரவத்தைக் கெடாமல் காக்காது என்பதும் கவனிக்கத்தக்கது. நடுநிலையான டிடர்ஜென்ட் கரைசலில் பாதுகாப்புப்பொருள் சேர்க்காவிட்டால் நாள்பட நுண்ணுயிர்கள் வளரும்.

இந்தியத் தர நிர்ணயத்தில் முதல்தரக் குளியல் சோப்புக்கு மொத்தக் கொழுப்பு 76 விழுக்காடு இருக்கவேண்டும் என்ற அளவுகோல் உண்டு. தெருவில் விற்கும் சோப்பு ஆயிலில், உள்ளே சோப்பா டிடர்ஜென்ட்டா, எவ்வளவு நீர் என்பதை வாங்குவோர் அறிய வழியில்லை. தரை கழுவச் செய்த திரவமும் கை கழுவச் செய்த திரவமும் ஒரே நிறத்தில் ஒரே வகைக் குப்பியில் வருவதுண்டு.

நிலமும் நீரும்

நாட்டின் சலவைப்பொருள்களுக்கு மூலப்பொருள் தரும் மணலி, 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட மதிப்பீட்டில் 76.32 புள்ளிகளுடன் மிக மோசமாக மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் இடம்பெற்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து கசிந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. மீனவர்களின் படகுகளிலும் வலைகளிலும் வீட்டுச் சுவர்களிலும் கரிய எண்ணெய் படிந்தது. ஒரு காலத்தில் உப்பையும் விறகையும் சுமந்த கால்வாய்தான் அது.

வீட்டில் தயாரிக்கும் திரவச் சோப்பு இந்நிலையை மாற்றிவிடாது. ஆனால் அதன் பொருள்களை அறிந்து வாங்குவோர், தம் வாளியில் இருப்பது எங்கிருந்து வந்தது, அலசிய நீர் எங்கே போகிறது என்பதையும் அறிவர். எண்ணெயிலிருந்து காய்ச்சிய சோப்பு நீரில் விரைவில் சிதையும், ஆனால் செலவு மிகுந்தது, கடின நீரில் வீணாவது. டிடர்ஜென்ட் மலிவானது, உவர்நீரிலும் உழைப்பது, ஆனால் தோலுக்குக் கடுமையானது. வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரையுள்ள வீடுகளில் பெரும்பாலும் விலையும் குழாயில் வரும் நீரும்தான் எதை வாங்குவது என்பதை முடிவு செய்கின்றன.